கேட்பதா, நிற்பதா, ஓடுவதா: ஹட்டனில் ஓர் அச்சகத்தின் மொழிபெயர்ப்புச் சேவை

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில், பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் சிறிய அச்சகத்தைப் பற்றிய மதிப்புரை இது. கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பாடசாலைச் சஞ்சிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எல்லா அச்சகங்களும் செய்கிற வேலையைத்தான் இங்கும் செய்கிறார்கள். அச்சின் தரத்தை மட்டும் பார்த்தால், நகரின் மற்றக் கடைகளைவிட உயர்த்திச் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதப் போவது அச்சோடு சேர்த்து அவர்கள் செய்து தருகின்ற மொழிபெயர்ப்பைப் பற்றி, அதிலும் குறிப்பாக, ஒரே ஒரு சொல்லுக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைப் பற்றி.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். "எல்லாக் கட்சிக்காரவங்களும் இங்கதான் வாராங்க, மாஸ்டர். ஒருத்தவங்க நோட்டீசோட சேத்து நீங்க கடைப் பேர எழுதிட்டா, மத்தவங்க நாளைக்குப் படியேற மாட்டாங்க" என்றார். நியாயமான அச்சம்தான். ஹட்டனுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு எந்த மாடி என்று எப்படியும் விளங்கிவிடும்.

2025 மே 6 ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், என்னிடம் படித்த மாணவி ஒருவர் எங்கள் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றுக்குச் சுயேச்சைக் குழு சார்பில் வேட்புமனுவில் கையெழுத்திட்டிருந்தார். கொழும்பில் வேலை செய்யும் அவருடைய உறவினர் ஒருவர் துண்டுப்பிரசுரத்தின் வாசகத்தை ஆங்கிலத்தில் எழுதி, அதைக் கைத்தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, வந்ததை அப்படியே வேறொரு நகரத்திலுள்ள கடைக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கடையில் அதை ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. ஐந்நூறு பிரதிகள் வந்து சேர்ந்தபோது முதல் வரியிலேயே, மாணவியின் பெயருக்குக் கீழே, "அலுவலகத்திற்காக ஓடுகிறார்" என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஆங்கிலத்தில் இருந்தது "ரன்னிங் ஃபோர் ஆபிஸ்" என்ற தொடர். பதவி ஒன்றுக்குத் தெரிவாக முயல்வதை அமெரிக்கர்கள் ஓட்டமாகவும் பிரித்தானியர்கள் நிற்றலாகவும் சொல்வார்கள். "ஆபிஸ்" என்ற சொல்லுக்குப் பதவி என்றும் அலுவலகம் என்றும் இரு பொருள் உண்டு. இரண்டு இடத்திலும் தவறான பொருளையே தேர்ந்தெடுப்பதற்கு ஒரு செயலிக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஆனால், தேயிலைத் தோட்டத்தில் இந்த வரி வெறும் பிழையாக நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். எங்கள் பக்கத்தில் ஆபிஸ் என்றால் ஒரே ஓர் இடம்தான்: சம்பளச் சீட்டில் குழப்பம் வந்தால், சேமலாப நிதிக் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கடிதம் வேண்டுமென்றால், பிரசவ லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால், கொழுந்து நிறுத்த கையோடு கூடையை இறக்கி வைத்துவிட்டு, பெரிய கிளாக்கர் எழுந்து போவதற்குள் ஓட வேண்டிய இடம். மாணவியின் தாயார் நோட்டீசை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நீ எதுக்குடி ஆபிசுக்கு ஓடணும்? ஒனக்குத்தான் அங்க ஒரு வேலையும் இல்லையே" என்று கேட்டார். அதைவிட, மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர் அதை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு, தம்முடைய சேமலாப நிதிக் கோப்பைக் கொண்டுவந்து மாணவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பிழை சொல்ல முடியாது.

இந்த ஐந்நூறில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் நாங்கள் மருந்துக்கடைப் படியேறினோம்.

உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். ஈய எழுத்துக் கோக்கும் காலத்திலேயே அச்சகத்துக்கு வேலைக்கு வந்தவர். கணினியில் உட்காருபவர் அவருடைய மருமகள். நோட்டீசை வாசித்த இருவரும் சிரிக்கவில்லை என்பதை முதலில் குறித்துக்கொண்டேன். செயலி தந்த தமிழைத் திருத்தித் தரும்படி நான் கேட்டதற்கு, திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது மலிவு என்று உரிமையாளர் சொல்லி, ஆங்கில மூலத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்: நோட்டீசில் பேசுவது வேட்பாளரா, அவரைப் பற்றி வேறு யாரோவா, இதைக் கொடுக்கப் போவது நகரத்திலா, லயத்திலா, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்களா. மூன்றாவது கேள்வியை இதுவரை எந்த அச்சகத்திலும் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த அரைமணி நேரம் முழுவதும் அந்த முதல் வரியின் வினைச்சொல்லிலேயே போனது. நான் முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன் என்ற நினைப்பில், "போட்டியிடுகிறார்" என்று சொன்னேன். பத்திரிகைகளும் தேர்தல் ஆணைக்குழுவின் அறிவித்தல்களும் அப்படித்தான் எழுதுகின்றன என்பதில் அவருக்கு மறுப்பில்லை. அவருடைய தயக்கம் வேறு. போட்டி என்றால் எதிரில் ஒருவர் வேண்டும். வாசிக்கிறவரின் கவனம் உடனே அந்த எதிராளியிடம் போய்விடும். அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர் இன்னொரு கட்சியில் வேட்பாளராக இருக்கையில், கோயில் திருவிழாவுக்குச் சேர்ந்து காசு சேர்க்கிற இரண்டு குடும்பங்களை நோட்டீசின் முதல் வரியிலேயே மல்லுக்கு விட வேண்டுமா என்று கேட்டார். "களமிறங்குகிறார்" என்பதை மருமகளே வெட்டிவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குத் தினமும் இறங்குகிறவர்களுக்கு அதில் ஒரு வீரமும் தெரியாது என்பது அவருடைய வாதம். ஆங்கில மூலத்தில் வீடுவீடாகச் செல்வதைச் சொல்லும் இடத்தில் "வாக்கு வேட்டை" என்று போடலாமா என்று மாணவி கேட்டதற்கு, "நம்ம சனங்க என்ன மானா, மரையா, புள்ள?" என்ற பதிலோடு அதுவும் போயிற்று. பத்திரிகைகள் அந்தத் தொடரை எவ்வளவு கூச்சமில்லாமல் பயன்படுத்துகின்றன என்பதை அன்றுதான் யோசித்தேன்.

மிஞ்சியவை இரண்டு: நிற்பது, கேட்பது. தமிழ்நாட்டில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். நம் நாட்டுத் தமிழில் ஒருவர் தேர்தல் கேட்கிறார். "இந்த முறை யாரு கேக்குறா?", "அவங்க எந்தச் சின்னத்துல கேக்குறாங்க?" என்பவை தேர்தல் காலத்தில் ஹட்டனில் தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை காதில் விழும் வாக்கியங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வழக்கு புதிதாக இருக்கும்; அங்கேயும் "சீட் கேட்கிறார்" என்பார்கள், ஆனால் அது கட்சித் தலைமையிடம் இடம் கேட்பது. இங்கே கேட்கப்படுபவர் வாக்காளர். இந்த வேறுபாட்டை நான் என் வகுப்புகளில் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. பேச்சுவழக்கு என்று அதை ஒதுக்கியே வைத்திருந்தேன்.

நிற்பதை உரிமையாளர் ஏன் விலக்கினார் என்பதற்கு இரண்டு காரணங்கள் சொன்னார். தோட்டத்தில் "நிற்பது" வேலையோடு ஒட்டிய சொல். வேலைக்கு நின்றாலும் அதுதான், வேலையை விட்டு நின்றாலும் அதுதான், தோட்டத்துரை நிறுத்திவிட்டாலும் அதுதான். "தேர்தலில் நிற்கிறார்" என்பதற்கும் "தேர்தலில் இருந்து நின்றுவிட்டார்" என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை, உரத்து வாசிக்கிறவர் ஒரு மூச்சில் தாண்டிவிடலாம். இரண்டாவது காரணம், சின்னம். "கத்தரிக்கோல்ல போய் யாராவது நிப்பாங்களா, மாஸ்டர்? கத்தரிக்கோல்ல கேப்பாங்க" என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாலும், அந்த இரண்டாவது காரணத்தில் சட்ட விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. 2018 முதல் உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நடைபெறுகிறது. உறுப்பினர்களில் நூற்றுக்கு 60 பங்கினர் வட்டாரங்களிலிருந்தும் 40 பங்கினர் பட்டியலிலிருந்தும் தெரிவாகிறார்கள். இந்த வாக்குச்சீட்டில் கட்சியின் அல்லது குழுவின் பெயரும் சின்னமும் மட்டுமே இருக்கும். வேட்பாளரின் பெயர் இருக்காது. ஆகவே ஒரு வட்டார வேட்பாளரின் பெயரும் அவருடைய சின்னமும் வாக்காளரின் கண்ணில் ஒன்றாகப் படும் தாள் பெரும்பாலும் இந்தத் துண்டுப்பிரசுரம்தான். பெயரையும் சின்னத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவைக்கிற வினைச்சொல் எது என்பது, அப்படிப் பார்த்தால், அலங்காரக் கேள்வி அன்று. "இந்தச் சின்னத்தில் கேட்கிறார்" என்ற வாக்கியம் அந்த வேலையைப் பிசகில்லாமல் செய்கிறது.

பழைய நோட்டீசில் இருந்த இன்னொரு பிழையை உரிமையாளர் நாங்கள் சொல்லாமலேயே கண்டுபிடித்தார். முந்தைய ஆண்டின் பாராளுமன்றத் தேர்தலுக்குச் செய்த மாதிரியிலேயே அந்தக் கடைக்காரர் வேலையை முடித்திருந்ததால், மூலையில் "விருப்பு இலக்கம்" என்று ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. பாராளுமன்றத் தேர்தலில்தான் கட்சிக்கு வாக்களித்த பிறகு மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். எட்டு உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பட்டியலில் பதினொருவர் இருப்பதால் அங்கே இலக்கம் பெயரைவிட முக்கியம். பிரதேச சபைத் தேர்தலில் அப்படி ஓர் இலக்கமே கிடையாது. பெட்டி நீக்கப்பட்டது, அந்த இடத்தில் சின்னம் இரு மடங்கு பெரிதானது.

வேட்பாளர் என்ற பெயர்ச்சொல்லைப் பற்றி வாதமே எழவில்லை. ஆனால், அச்சகத்தில் இதே வரியின் சிங்களப் பக்கத்தையும் செய்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வேட்பாளர் என்பதற்குச் சிங்களத்தில் "அபேக்ஷக". நம் பழைய பத்திரிகைகளில் வரும் "அபேட்சகர்" என்பதும் அதே வடசொல்லின் வழி வந்ததுதான். அபேட்சை என்றால் விருப்பம். தமிழ்ச் சொல்லான வேட்பாளரும் அதே பொருளையே வேறு வேரிலிருந்து தருகிறது: வேள் என்ற அடியிலிருந்து வேட்கை, வேட்பு. திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் "கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்" என்று வருகிற வேட்பதான் இதுவும். "கேண்டிடேட்" என்ற ஆங்கிலச் சொல்லோ, உரோமில் பதவி நாடியவர்கள் அணிந்த வெள்ளை மேலங்கியிலிருந்து வந்தது. நம் அரசியல்வாதிகளின் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொள்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். சிங்களத்தில் வாக்கைக் குறிக்கும் "சந்த" என்ற சொல்லும் பாளி மொழியில் விருப்பத்தையே குறிக்கும். அங்கேயும் பேச்சில் தேர்தலுக்கு வருகிறவர் "சந்தே இல்லனவா", அதாவது வாக்கைக் கேட்கிறார். ஒரே பேருந்தில் போய் ஒரே சந்தையில் வாங்குகிற இரண்டு மொழிக்காரர்கள் இந்த ஒரு காரியத்துக்கு ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற விசாரணையை மருமகள் தொடங்க, உரிமையாளர் மின்சாரம் நிற்கப் போகிறது என்று சொல்லி அடக்கிவிட்டார்.

கேட்பதா நிற்பதா என்பதைக் கடைசியில் தீர்த்து வைத்தவர் மாணவியின் தாயார். மகளோடு துணைக்கு வந்து, அதுவரை காகித அடுக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கேக்குறதுன்னே போடுங்க. எங்க தாத்தாவ வந்து கேட்டாங்க. எங்க அப்பாவ யாருமே கேக்கல. என்னைய இப்ப வந்து கேக்குறாங்க" என்றார். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் நடந்த முதல் தேர்தலில் ஹட்டனிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று தொழில் அமைச்சரானார். 1947 இல் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு தோட்டத்து மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. அதன் பிறகு இந்த லயங்களில் யாரைப் போய்க் கேட்பது? 1977 இல், மூவரைத் தெரிவு செய்யும் நுவரெலியா மஸ்கெலியா தொகுதியிலிருந்துதான் தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவானார். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003 இல்தான் குடியுரிமைச் சட்டம் வழிவிட்டது. வாக்கு இல்லாதவனிடம் வாக்குக் கேட்பவன் இல்லை என்பதை அந்த அம்மா ஒரு வினைச்சொல்லின் செயப்படுபொருளாக நின்று சொன்னார்.

இறுதியில் அச்சானது இது: மேலே பெயரும் "வட்டார வேட்பாளர்" என்ற சொல்லும், அதற்குக் கீழே சின்னம், அடுத்து, "இந்தச் சின்னத்தில் தேர்தல் கேட்கிறேன். உங்கள் வாக்கைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு வருவேன்." செய்தி தெரிவிக்கும் படர்க்கை போய்த் தன்மை வந்ததும் உரிமையாளரின் யோசனைதான். எனக்கு இன்னும் ஒரு மனக்குறை உண்டு. துண்டுப்பிரசுரத்துக்குப் பொருந்தும் "தேர்தல் கேட்கிறேன்" என்ற வழக்கை, அதே அச்சகம் மாணவிக்காக அடித்துக் கொடுத்த உத்தியோகபூர்வக் கடிதம் ஒன்றிலும் போட்டிருந்தார்கள். தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலருக்குப் போகிற கடிதத்தில் "போட்டியிடுகிறேன்" என்றே இருக்க வேண்டும். நான் சொன்ன பிறகு மாற்றினார்கள், கொஞ்சம் மனமில்லாமல்.

சேவையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, தாமதம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் தருவதாகச் சொன்ன வேலை, புத்தாண்டு முடிந்து கடை திறந்த பிறகே கைக்கு வந்தது. லயத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிற அந்த நாட்களில் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மாணவி இப்போதும் சொல்கிறார். இரண்டாவது, அவர்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். வட்ஸ்அப்பில் யுனிகோட்டில் அனுப்பும் வாசகத்தை அவர்கள் மாற்றும்போது, கொம்பும் காலும் சில வேளை பக்கத்து எழுத்துக்குக் குடிபோகின்றன. "கேட்கிறேன்" என்ற சொல்லே முதல் புரூபில் கொம்பு தவறி வந்தது, அவ்வளவு வாதத்துக்குப் பிறகு. ஆகவே நேரில் போய் ஒப்புநோக்காமல் அச்சுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். வங்கி அட்டை எடுக்கமாட்டார்கள். படிக்கட்டு செங்குத்தானது; மழை நாளில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

நிறைவாகச் சொல்ல வேண்டியது, தாள்களை அவர்கள் ஒழுங்காக வைத்திருப்பது. தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும், வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும். முதல் கடைக்காரர் விட்டுவிட்ட அதை இவர்கள் கேட்காமலேயே போட்டார்கள். 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்பதால், மொழிபெயர்ப்புக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று இரண்டு பற்றுச்சீட்டுகளைத் திகதியோடு எழுதிக் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்புக் கூலி பக்கக் கணக்கில்தான். ஒரு வரிக்காகப் போன அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு சதமும் சேர்க்கவில்லை. மொத்தத்தில் முதல் கடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முடிந்தது, ஆனால் முதல் கடையின் ஐந்நூறு இப்போது என் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குப் போடும் தாளாக இருக்கிறது.

தேர்தலின் முடிவு இந்த மதிப்புரைக்கு உரியது அன்று. சேமலாப நிதிக் கோப்பைக் கொடுத்துவிட்டுப் போன அக்காவுக்காக மாணவி அந்தக் கோப்போடு இரண்டு முறை ஆபிசுக்குப் போய்வந்தார், இரண்டாம் முறை ஓடித்தான். போயா (முழுநிலா விடுமுறை) நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமையும் அச்சகம் பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் போனால் உரிமையாளரே இருப்பார்.